குளிர்கால உழைப்பின் விலை: குடும்பப் பண்ணைக் கணக்கேட்டின் வரலாறு

வேளாண் வரலாற்றை எழுதுவோர் நில உரிமை, வரி, கடன், பஞ்சம் ஆகியவற்றின் ஆவணங்களைத் தேடிச் செல்வர். உழவர் குடும்பம் தன் வரவையும் செலவையும் குறித்துவைத்த சிறிய ஏடுகளுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. அவை உலர்ந்த எண்களாகத் தோன்றுவதே காரணம். ஆயினும் அந்த ஏடுகளின் ஒரு கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது என்பதில் கடந்த நூற்றாண்டின் வேளாண் பொருளியல் இரண்டாகப் பிளந்தது. சம்பளம் பெறாத குடும்ப உறுப்பினரின் உழைப்புக்கு உரிய கட்டம் அது. வேறு எவரும் விலைகொடுத்து வாங்காத ஒரு சனவரி மாத நாள், அதே குடும்பத்தின் தொழுவத்திலோ களத்திலோ செலவாகும்போது அதற்கு என்ன விலை எழுதுவது? சுவிட்சர்லாந்தின் புருக் நகரில் ஒரு விடை கிடைத்தது. மாஸ்கோவில் அதற்கு நேர்மாறான விடை கிடைத்தது. இந்தியாவில் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பற்றிய வாதத்தில் இரண்டு விடைகளும் இன்றுவரை மோதிக்கொண்டிருக்கின்றன.

இக்கேள்வியில் குளிர்காலம் ஏன் முதன்மை பெறுகிறது என்பதை முதலில் விளக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் காணும் நிலங்களில் பருவங்களுக்கு இடையிலான ஓய்வு குறுகியது. நடு ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் நிலம் பல மாதங்கள் உறைந்தோ பனியால் மூடப்பட்டோ கிடக்கும். கோடையில் ஆள் பற்றாக்குறையால் திணறும் அதே குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் கைகள் மிஞ்சும். அந்த மிச்சம் வேலையின்மை அன்று. மாடுகளுக்குத் தீனி, பால் கறத்தல், கதிரடித்தல், விறகு வெட்டுதல், கருவிகளைச் செப்பனிடுதல், நூல் நூற்றல் என வேலைகள் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த வேலைகளுக்கு வெளியில் சந்தை பெரும்பாலும் இல்லை. ஒரே குடும்பத்தின் ஒரே மனிதரது நாள் சூலையில் அரியது, சனவரியில் மலிவானது. கணக்கேடோ இரண்டையும் ஒரே பத்தியில் எழுதக் கோருகிறது.

சுவிட்சர்லாந்தின் பால்பண்ணைக் குடும்பத்துக்குக் குளிர்காலம் தொழுவத்தைச் சுற்றியே சுழன்றது. கோடையில் வெட்டி உலர்த்திச் சேமித்த வைக்கோற்புல்லே மாடுகளுக்கு வசந்தம் வரை உணவு. காலையும் மாலையும் கறந்த பால் ஊரின் பாலாடைக்கட்டிக் கூடத்துக்குச் சென்றது. அங்கே எடைபோட்ட அளவு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய சிறு பால் ஏட்டில் பதிவாயிற்று. சுவிஸ் ஜெர்மன் பேச்சில் எளிய, மேலோட்டமான கணக்கை இன்றும் ‘பால் ஏட்டுக் கணக்கு’ என்பார்கள். அந்தச் சொல்லில் சிறிது ஏளனம் உண்டு. எனினும் பல குடும்பங்களுக்கு நாள்தோறும் எழுதப்பட்ட முதல் வணிக ஆவணம் அதுவே. எவ்வளவு பால் விற்றது என்பதை அது சொல்லும்; அந்தப் பாலை உண்டாக்க எவ்வளவு புல், எவ்வளவு உழைப்பு செலவாயிற்று என்பதைச் சொல்லாது.

அந்த இரண்டாம் கணக்கைக் கற்பிக்கும் இடமாகக் குளிர்கால வேளாண் பள்ளிகள் அமைந்தன. கோடையில் பண்ணையை விட்டு அகல முடியாத உழவர் மக்களுக்காக, ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பள்ளிகள் அவை. குளிர்காலப் பருவங்களில் மட்டும் வகுப்புகள் நடக்கும். உழவு தொடங்கும் முன் மாணவர் வீடு திரும்பிவிடுவர். மண், உரம், கால்நடை ஆகியவற்றோடு கணக்குவைப்பும் பாடமாயிற்று. புருக் நகரின் குளிர்காலப் பள்ளியில் ஆசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் லவுர், 1897இல் நிறுவப்பட்ட சுவிஸ் உழவர் சங்கத்தின் செயலகப் பொறுப்பை 1898இல் ஏற்றார். 1939 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1901 முதல் அச்செயலகம் நாடெங்கும் தாமாக முன்வந்த குடும்பப் பண்ணைகளிடம் கணக்கேடுகளைப் பெற்று, முடித்து, தொகுத்து வெளியிடத் தொடங்கியது.

லவுர் வகுத்த முறை எளிமையும் கண்டிப்பும் சேர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் நிலம், கட்டடம், கால்நடை, கருவி, களஞ்சியத்தில் எஞ்சிய தானியம், பரணில் எஞ்சிய புல் ஆகியவற்றின் இருப்புப் பட்டியல் எழுதப்படும். அன்றாட ரொக்க வரவுசெலவு ஓர் ஏட்டில் ஏறும். பண்ணையிலிருந்து வீட்டுச் சமையலறைக்குப் போன பால், உருளைக்கிழங்கு, இறைச்சி போன்ற பணமில்லாப் பரிமாற்றங்கள் தனியே குறிக்கப்படும். யார் எத்தனை நாள் வேலை செய்தார், யார் எத்தனை நாள் வீட்டு மேசையில் உண்டார் என்பதும் பதிவாகும். உணவு மேசை கணக்கேட்டில் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. குடும்பப் பண்ணையில் வீடும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. இரண்டையும் தாளில் பிரிக்காமல் ஆதாயம் என்ற ஒன்றைக் காண இயலாது.

பிரித்த பின்னரே அந்தச் சிக்கலான கட்டம் வந்தது. குடும்பத்தின் வருவாயிலிருந்து, அக்குடும்பத்தார் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள வேண்டிய கூலியை லவுர் கழித்தார். வெளியாளை அமர்த்தியிருந்தால் கொடுக்க நேரும் தொகை அதற்கு அளவுகோல். எஞ்சுவதே முதலீட்டுக்கான நிகர ஆதாயம். இவ்வாறு கணக்கிட்டபோது உழைப்புக்கு உரிய கூலியைக் கழித்தால் முதலீட்டுக்கு மிகச் சொற்பமே மிஞ்சும் பண்ணைகள் பல வெளிப்பட்டன. அந்த முடிவு அரசியலுக்குப் பயன்பட்டது. இறக்குமதிக்குச் சுங்கக் காப்பு வேண்டும் என்று வாதாடிய உழவர் சங்கத்துக்கு உற்பத்திச் செலவைக் காட்டும் சான்றுகள் தேவைப்பட்டன. புதிய சுங்க விகிதம் 1903ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. குளிர்கால மாலைகளில் அடுப்பங்கரை மேசையில் எழுதப்பட்ட எண்கள் அவ்வாறு தேசிய வாதத்தின் கருவிகளாயின. உழவரின் கணக்கேடு தொடக்கத்திலிருந்தே நடுநிலையான கண்ணாடியாக இருந்ததில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

ரஷ்யாவில் நிலைமை வேறு. பெரும்பாலான உழவர் குடும்பங்களில் கணக்கேடே இல்லை. எழுதுகோல் ஜெம்ஸ்த்வோ எனப்பட்ட மாவட்ட, மாகாணத் தன்னாட்சி அமைப்புகளின் புள்ளியியலாளர் கையில் இருந்தது. 1864இல் உருவான அவ்வமைப்புகள் வரி விதிக்கவும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தவும் தம் ஊர்களை அறிய வேண்டியிருந்தது. அவற்றின் புள்ளியியலாளர் குடிசை தோறும் அமர்ந்து, முந்தைய ஆண்டின் விளைச்சல், விற்பனை, உணவு, உடை, கால்நடைத் தீனி, கைத்தொழில் வருவாய் அனைத்தையும் கேட்டு எழுதினர். வொரோனெஷ் மாகாணத்தில் ஷ்செர்பினா நடத்திய குடும்ப வரவுசெலவு ஆய்வு இவ்வகையில் முன்னோடி. சுவிஸ் உழவர் எழுதிவைத்ததை ரஷ்ய உழவர் நினைவிலிருந்து சொன்னார். எத்தனை வண்டி எரு, எத்தனை படி கம்புத்தானியம் என்று வினவியவருக்கு, ஏட்டின் வரிசையில் அன்றி, வாழ்வின் வரிசையில் விடைகள் வந்தன. எது பண்ணைச் செலவு, எது வீட்டுச் செலவு என்ற கோடு அந்த விடைகளில் இல்லை.

அந்தக் கோடு இல்லாதது கணக்கின் குறையா, வாழ்வின் உண்மையா என்று கேட்டவர் அலெக்சாந்தர் சயானோவ். 1888இல் மாஸ்கோவில் பிறந்து, அந்நகரின் வேளாண் கல்லூரியில் பயின்றவர். ஆளிச்செடி பயிரிடுவோரின் கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டவர். மாஸ்கோ மாகாணத்தின் வொலொகொலாம்ஸ்க் வட்டம் ஆளிநாருக்குப் பெயர்பெற்றது. அப்பயிர் ஓட்ஸைவிடப் பலமடங்கு உழைப்பைக் கேட்கும். கோடையில் செடியைப் பிடுங்கி, ஊறவைத்துப் பதமாக்கி, உலர்த்திய பின்னும் வேலை முடியாது. தண்டை நொறுக்கி, தட்டி, சீவி நாரைப் பிரிக்கும் வேலை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நீளும். ஓர் உழைப்பு நாளுக்கு ஓட்ஸ் தரும் வருவாயைவிட ஆளி தருவது குறைவு. ஒரே அளவு நிலத்துக்கு அது தரும் வருவாயோ மிக அதிகம். கூலியைக் கழித்துப் பார்க்கும் முதலாளி ஓட்ஸையே தேர்வார். நிலம் குறைந்த குடும்பங்கள் ஆளியைத் தேர்ந்தன. அக்குடும்பங்கள் கணக்கு அறியாதவை என்று சொல்வது எளிது. அவை வேறொரு கணக்கைப் போட்டன என்பது சயானோவின் வாதம்.

கதிரடிக்கும் இயந்திரத்தைப் பற்றிய அவரது எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. இயந்திரத்தை வாங்கினால் மிச்சமாகும் கூலி, இயந்திரச் செலவைவிட அதிகமா என்று முதலாளிப் பண்ணை பார்க்கும். உழவர் குடும்பத்தில் இயந்திரம் மிச்சப்படுத்துவது தன் சொந்தக் குளிர்கால நாட்களை. அந்த நாட்களை வேறெங்கும் விற்க வழியில்லையென்றால் மிச்சத்தால் வருவாய் உயராது; இயந்திரத்தின் தேய்மானம் மட்டுமே செலவாகச் சேரும். ஆகவே தடியால் கதிரடித்துக்கொண்டிருந்த குடும்பத்தைப் பழமையில் ஊறியது என்று குறைகூறியவர்கள், அக்குடும்பத்தின் சனவரி நாளுக்குச் சூலை விலையை எழுதிப் பார்த்தவர்கள் ஆகின்றனர்.

இதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு துணிவானது. கூலிக்கு ஆள் அமர்த்தாத பண்ணையில் கூலி என்ற இனமே இல்லை. ஆகவே அதைக் கழித்துப் பெறும் நிகர ஆதாயம் என்ற இனமும் இல்லை. ஆண்டின் முடிவில் அக்குடும்பத்துக்குக் கிடைப்பது பிரிக்க முடியாத ஒரே விளைவு. அதை இன்னும் கூட்ட உழைப்பதா, நிறுத்துவதா என்பதை, உண்ண வேண்டிய வாய்களின் தேவையும் உழைப்பின் சோர்வும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. இதை விளக்க அவர் ஒரு மாதிரிக் குடும்பத்தை அமைத்தார். மணமான ஆண்டில் கணவனும் மனைவியும் 1.8 உழைப்பாளர், 1.8 நுகர்வோர், விகிதம் 1. குழந்தைகள் பிறக்கப் பிறக்க வாய்கள் கூடும், கைகள் கூடா. 14ஆம் ஆண்டில் அவ்விகிதம் ஏறத்தாழ 1.94 ஆகிறது. மூத்த பிள்ளை வேலைக்கு வந்தபின் அது இறங்கத் தொடங்கும். ஆக, ஒரே ஊரில் ஒரு குடும்பம் கடுமையாகவும் மற்றொன்று தளர்வாகவும் உழைப்பதற்கு, அவை எந்த ஆண்டில் நிற்கின்றன என்பதும் காரணமாகலாம். லவுரின் சுவிஸ் புள்ளிவிவரங்களையும் சயானோவ் தம் நூலில் எடுத்தாண்டார். புருக்கின் எண்களிலிருந்து புருக்குக்கு எதிரான முடிவை அவரால் பெற முடிந்தது.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. அதே ஜெம்ஸ்த்வோ புள்ளிவிவரங்களை, வொரோனெஷ் வரவுசெலவுகள் உட்பட, லெனின் 1899இல் வெளியான தமது நூலில் பயன்படுத்தினார். குதிரை இல்லாத குடும்பங்கள் கூலி உழைப்பாளராகவும் பல குதிரை வைத்திருந்தோர் சிறு முதலாளிகளாகவும் பிரிந்துவருவதை அவர் அதில் கண்டார். சயானோவின் குடும்பத்தில் வாய்களும் கைகளும் உண்டு. கடன்காரரும் நிலக்கிழாரும் அண்டைவீட்டுக் கூலியாளும் மங்கலாகவே தெரிகின்றனர். ஒரே பட்டியலை ஒருவர் வர்க்கமாகவும் மற்றவர் குடும்பச் சுழற்சியாகவும் படித்தனர். எண்கள் தாமாகப் பேசுவதில்லை என்ற பொது உண்மைக்கு வேளாண் வரலாற்றில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

சயானோவின் கோட்பாடு 1923இல் ஜெர்மன் மொழியிலும், விரிவாக்கப்பட்ட வடிவில் 1925இல் ரஷ்ய மொழியிலும் வெளிவந்தது. கூட்டுப்பண்ணையாக்கம் முடுக்கிவிடப்பட்ட 1929 டிசம்பரில் ஸ்டாலின் தமது உரையொன்றில் அவரைப் பெயர்சொல்லிச் சாடினார். 1930இல் அவர் கைதானார்; 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார்; 1987இல்தான் குற்றமற்றவராக அறிவிக்கப்பட்டார். குடும்பப் பண்ணைக்கு அதற்கே உரிய கணக்கு உண்டு என்று சொல்வது ஓர் அரசின் பார்வையில் உயிரைப் பறிக்கும் குற்றமாக இருந்தது.

இந்தியாவில் இக்கேள்வி வேறு வழியில் நுழைந்தது. இங்கே உழவரைப் பற்றிய கணக்கை நெடுங்காலம் பிறரே எழுதினர். ஊர்க் கணக்கர் அரசுக்காக எழுதினார். வட்டிக்கடைக்காரர் தமக்காக எழுதினார். பஞ்சாபில் கடன்காரரின் பேரேட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கடன்பட்டவர் அறியவே சட்டம் தேவைப்பட்டது. 1930ஆம் ஆண்டின் கணக்கு ஒழுங்குமுறைச் சட்டம், ஒவ்வொரு கடனாளிக்கும் தனிக் கணக்கு வைக்கவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் விவரத்தைத் தரவும் கடன்கொடுப்போரைப் பணித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பஞ்சாபின் பொருளாதார விசாரணை வாரியம் தேர்ந்தெடுத்த பண்ணைகளின் வரவுசெலவுகளைத் தொகுத்து வெளியிட்டுவந்தது. உழவர் வீட்டின் எண்கள் ஆய்வுப் பொருளாக அச்சேறிய தொடர்முயற்சிகளில் அது முந்தையது.

விடுதலைக்குப் பின் அம்முயற்சி தேசிய அளவு பெற்றது. 1954–55 முதல் 1956–57 வரை மைய வேளாண் அமைச்சகம் பஞ்சாப், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம், பம்பாய், மத்தியப்பிரதேசம், சென்னை ஆகிய மாநிலங்களில் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை நடத்தியது. சென்னை மாநிலத்தில் சேலமும் கோயம்புத்தூரும் தேர்வாயின. செலவுக் கணக்கு முறையில், களப்பணியாளர் ஊரிலேயே தங்கி ஒவ்வொரு பண்ணையின் அன்றாட வேலையையும் பதிந்தார். சுவிஸ் உழவர் தாமே எழுதியது, ரஷ்ய உழவர் நினைவிலிருந்து சொன்னது என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட வழி இது. குடும்ப உழைப்புக்கு வட்டாரக் கூலி விகிதத்தில் மதிப்பு ஏற்றப்பட்டது. புருக்கின் கட்டம் இந்தியப் படிவத்துக்கு வந்து சேர்ந்தது.

விளைவு வியப்பளித்தது. 1962இல் ‘எகனாமிக் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரையில் அமர்த்தியா சென் அவ்வாய்வுகளிலிருந்து மூன்று போக்குகளை எடுத்துக்காட்டினார். குடும்ப உழைப்புக்கு நிலவும் கூலியை ஏற்றினால் இந்திய வேளாண்மையின் பெரும்பகுதி நட்டத்தில் நடப்பதாகத் தெரிகிறது. அவ்வாறு கணக்கிட்ட ஆதாயம் பெரும் பண்ணைகளில் கூடுகிறது. ஏக்கருக்கான விளைச்சல் மதிப்போ சிறு பண்ணைகளில்தான் அதிகம். நட்டத்தில் நடக்கும் தொழிலை ஏன் இத்தனை கோடிப் பேர் தொடர்கின்றனர்? வெளியில் அதே கூலிக்கு வேலை கிடைப்பது உறுதியில்லாதபோது, குடும்பம் தன் உழைப்பைக் கூலி விகிதத்தில் எடைபோடாது. விளைச்சல் சிறிதளவு கூடும்வரையிலும் உழைத்துக்கொண்டே செல்லும். வொலொகொலாம்ஸ்கின் ஆளி வயலில் எழுந்த விளக்கத்துக்கு மிக நெருங்கியது இது. சயானோவின் நூல் ஆங்கிலத்தில் கிடைத்தது 1966இல்தான். அப்பதிப்பை உருவாக்கிய மூவருள் ஒருவரான டேனியல் தார்னர், 1950களில் இந்தியாவில் வாழ்ந்து இந்நாட்டு வேளாண் உறவுகளை ஆராய்ந்தவர். மாஸ்கோவின் கேள்வி ஆங்கிலம் வாசிக்கும் உலகுக்குத் திரும்பிய வழியில் இந்தியக் களஅனுபவமும் இருந்தது.

இன்று அக்கட்டம் கோடிக்கணக்கான ரூபாயைத் தீர்மானிக்கிறது. வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் பல செலவுக் கருத்துகளைக் கையாள்கிறது. ஏ2 என்பது கையிலிருந்து கொடுத்த செலவும் குத்தகையும். அதனுடன் குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதலாக ஆதரவு விலை அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018–19 வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்றிய அரசு செலவின் ஒன்றரை மடங்கை அறிவித்தபோது அடிப்படையாகக் கொண்டது ஏ2+எஃப்எல். உழவர் அமைப்புகள் கேட்பது சி2. 2020–21 குளிர்காலத்தில் தில்லியின் எல்லைகளில் கூடியிருந்தோரின் கோரிக்கைகளில் ஆதரவு விலைக்குச் சட்ட உறுதியும் ஒன்று. எந்தச் செலவு செலவாகும் என்ற புருக்கின் கேள்விதான் அதன் அடியில் இருந்தது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. உழவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை விளக்குவதில் சயானோவின் வாதம் வலுவானது. ஆனால் அதையே விலைக் கொள்கையாக்கினால், வேறெங்கும் விற்க முடியாத உழைப்புக்கு விலையே வேண்டாம் என்ற முடிவுக்கு அரசு எளிதில் வந்துவிடும். லவுரின் கழித்தல் உழவரின் மனத்தை விளக்காது. ஆனால் அவர் நாளுக்கு ஒரு விலை உண்டு என்று பொதுமன்றத்தில் வாதாட உதவும். முன்னது விளக்கத்தின் கணக்கு, பின்னது நியாயத்தின் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே இன்றைய விவாதங்களின் பெருங்குறை.

இருவருமே முழுமையாக எழுதாத ஒரு நாளும் உண்டு. சயானோவின் 1.8 உழைப்பாளரில் கணவன் 1, மனைவி 0.8. இந்தியப் பண்ணை ஆய்வுகளும் பெண்ணின் வேலைநாளை ஆண் நாளின் ஒரு பின்னமாக மாற்றியே கூட்டின. சாணம் அள்ளுதல், கன்றுக்குத் தீனி, விதைத் தானியம் உலர்த்திப் பேணுதல், களத்துக்கு உணவு கொண்டுசெல்லுதல் ஆகியவை பண்ணை வேலையா, வீட்டு வேலையா என்பதைப் படிவத்தை வகுத்தவரே முடிவுசெய்தார். வீட்டையும் பண்ணையையும் பிரித்த கோடு பெரும்பாலும் பெண்ணின் ஒரே நாளின் குறுக்கே விழுந்தது. இந்தியாவில் தேசிய அளவிலான முதல் முழுமையான நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல்தான் நடந்தது.

ஆகவே பண்ணைக் கணக்கேட்டை ஆவணமாகக் கொள்ளும் ஆய்வாளர், இறுதி வரியில் உள்ள ஆதாயத்தையோ நட்டத்தையோ பார்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியுள்ளது. எழுதுகோல் யாரிடம் இருந்தது? குடும்பத்தின் நாளுக்கு எந்தப் பருவத்தின் விலை எழுதப்பட்டது? யாருடைய நாள் பின்னமாயிற்று? இம்மூன்றுக்கும் விடை தெரியாதவரை, ஒரு பண்ணை நட்டத்தில் நடந்தது என்ற கூற்று வரலாற்றுச் செய்தி ஆகாது. படிவத்தை வகுத்தவரின் கருத்தாகவே அது நிற்கும்.